உலகத்துக்கே வாசித்த ஜெபக் குறிப்பு

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கிய மாதத்தில், கோலார் தங்க வயலில் உள்ள எங்கள் மாரிகுப்பம் சபைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பா அம்மா இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். தினமும் ரயிலேறி பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறவன். கம்ப்யூட்டர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று எங்கள் பெரியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் வெப்சைட் எப்படிச் செய்வார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை மட்டும் நிறைய இருந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில், ஒரு பெண் வெப்சைட் வடிவமைத்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். சர்ச்சுக்குள் கால் வைத்ததே இல்லை என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஒரு நிறத்தை மாற்ற எங்கே தட்டுகிறார், படம் எங்கிருந்து வந்து நிற்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் என்னிடம் அதற்கு மேல் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஏன் இரண்டு ஆராதனை? ஆண்களும் பெண்களும் ஏன் தனித்தனியாக உட்காருகிறீர்கள்? பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயங்கள்தான், ஆனால் பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போதகரிடம் கேட்டுவந்து அடுத்த சனிக்கிழமை சொல்வேன்.

முதல் பக்கத்துக்கு நான் ஒரு படம் எடுத்துப் போயிருந்தேன். பச்சைப் புல்வெளி, ஊசி மாதிரி கோபுரம், ஏதோ வெளிநாட்டு ஆலயம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு சர்ச்சு ப்ரோ? உங்களுது தகரக் கூரைதானே?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே எங்கள் தகரக் கூரையைப் படம் பிடித்து அனுப்பினேன்.

அப்புறம்தான் ஜெபக் குறிப்புப் பக்கம் வந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் பெட்டி இருக்கும். கஷ்டம் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதிப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். ஆராதனையில் போதகர் ஒவ்வொரு சீட்டையும் பெயரோடு, எந்த லைன் வீடு என்பதோடு சத்தமாக வாசிப்பார். சுரங்கக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் நாங்கள் லைன் என்போம். வாசித்து முடித்து ஜெபித்தால் மட்டும் போதாது. அன்று மாலைக்குள் அந்த லைன் ஆட்கள் யாராவது அந்த வீட்டுக்குப் போய்வந்துவிட வேண்டும்.

இதைக் கேட்டதும் அவருக்கு நம்ப முடியவில்லை. பெயரோடா, வெட்கமாக இருக்காதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமை, நன்றாகத்தான் இருந்தது என்றார். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தொடங்கும் முன்னால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுல மட்டும் பேர எடுத்துடலாமா? சும்மா கேக்குறேன். இது யாரு வேணா பாப்பாங்க."

"பேர் இல்லாம எப்படிங்க ஜெபம் பண்றது?" என்றேன். "நாலு பேர் அதிகமா பாத்தா நாலு ஜெபம் அதிகம்தானே?"

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. சபை உங்களுடையது என்று சொல்லிவிட்டு நான் கேட்டபடியே செய்து கொடுத்தார். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துச் சீட்டுகளை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பெயர், லைன், என்ன கஷ்டம், எதுவும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஜெபித்து வெப்சைட்டைத் திறந்தோம். தகரக் கூரையை செல்போனில் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். பெருமை தாங்காமல் நான் லிங்க்கை எனக்குத் தெரிந்த வாட்ஸாப் குரூப்புக்கெல்லாம் அனுப்பினேன். தினமும் எங்களோடு பெங்களூருக்கு வந்துபோகும் ரயில் ஆட்களின் குரூப்புக்கும்.

புதன்கிழமை சாயங்காலம். ரயில் மாலூரைத் தாண்டியிருந்தது. எங்கள் பாடகர் குழுவில் பாடும் ஒரு அண்ணன் அடுத்த பெட்டியிலிருந்து நடந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பெங்களூரில் ஒரு கம்பெனியின் கிடங்கில் ஐந்து வருடமாகக் காண்டிராக்டில் வேலை பார்த்துவந்தார். செல்போனை என் முன்னால் நீட்டினார். அவருடைய ஜெபக் குறிப்பு. மேலதிகாரியின் தொல்லையிலிருந்து விடுதலை வேண்டும், வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ இருக்கிறது, கர்த்தர் வாசலைத் திறக்க வேண்டும். நான் தட்டச்சு செய்த அதே வரிகள்.

ரயில் குரூப்பில் இருந்த யாரோ ஒருவர் அதே கம்பெனியில் வேலை செய்கிறவர். அவர் அதை மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இன்னொருவரை வைத்துக் கன்னடத்தில் சொல்லச் சொல்லி, இந்த அண்ணனை நிற்கவைத்தே கேட்டிருக்கிறார்.

"விடுதலைதானே கேட்டே, எடுத்துக்கோன்னான். நாளைலேர்ந்து வர வாணாமாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். சர்ச்சில் எல்லோர் முன்னாலும் வாசித்ததுதானே அண்ணா என்று முனகினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சர்ச்ல கேட்டவங்கள்ல நாலு பேரு அன்னிக்கி சாயங்காலம் என் வூட்டுக்கு வந்தாங்கபா. இதுல படிச்சவன் எவன் வந்தான்?"

எழுந்து தன் பெட்டிக்கே போய்விட்டார்.

வடிவமைத்த பெண்ணுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்காரப்பேட்டை வருவதற்குள் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். போனை வைக்கும் முன் ஒன்று மட்டும் கேட்டார்.

"மத்தவங்க பேரும் இருந்துச்சே. அவங்ககிட்ட கேட்டுத்தான் போட்டீங்களா?"

யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சிலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. ஒருவர் சிரித்துவிட்டு டீ கொடுத்தார். மகனுடைய குடியைப் பற்றி என்னிடம் எழுதச் சொல்லியிருந்த ஒரு அம்மா, அவனுக்குப் பேசிவைத்திருக்கும் பெண் வீட்டார் அதைப் பார்த்திருப்பார்களா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும், யார் பார்த்தார்கள் என்று சொல்லாது என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, இன்டர்வியூவுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில்தான் இருந்தார். பிறகு நரசாபுரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறார், ரயிலில் வருவதில்லை. பாட்டுப் பயிற்சியில் பார்த்தால், "இன்னாபா, நல்லா கீறியா?" என்று கேட்பார். நானும் நன்றாக இருக்கிறேன் என்பேன். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

வெப்சைட் இன்றும் இருக்கிறது. ஆராதனை நேரம், படங்கள், பாட்டுகள், எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஜெபக் குறிப்புப் பக்கம் மட்டும் இல்லை. பெட்டியில் சீட்டுகள் இப்போதும் விழுகின்றன, ஆனால் பாதிக்கு மேல் பெயர் இருப்பதில்லை. 'ஒரு சகோதரர்', 'ஒரு சகோதரி', 'ஒரு குடும்பம்'. போதகர் வாசிக்கிறார், நாங்கள் ஆமென் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் எங்கள் லைன் ஆட்கள் அவரவர் வாசலில் நிற்கும்போது, அந்த வீடுகளின் கதவையெல்லாம் வெளியிலிருந்து நானே சாத்திவிட்டு வந்ததுபோல இன்றும் எனக்கு இருக்கிறது.