பழையசீவரத்துக்குப் போன புதன்கிழமை

கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கேமரா ஒன்று இருந்தது. அதிலிருந்து அவ்வப்போது மகனின் குரல் வரும்.

"அம்மா, பாப்பாவ பால்கனி கதவாண்ட விடாதீங்க."

மரகதம் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுவாள். பதில் பேசினால் தனக்குக் கேட்கும் என்று ஸ்ரீதர் சொல்லியிருந்தான். ஆனாலும் சுவரைப் பார்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரகடத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. வீடு ஒன்பதாவது மாடியில். ஸ்ரீதர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மருமகள் சுகப்பிரியா வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த யாராவது ஒருவர் பகலில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் குக்கர் விசில் வரக்கூடாது, டிவி சத்தம் கூடாது. மூன்று வயதுப் பேத்தி தென்றல்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள்.

மரகதத்தின் கணவர் பாண்டுரங்கன் பென்னலூர்க்காரர். குடும்ப நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கம்பெனி பஸ் ஓட்டப் போனவர், ஓய்வு பெறும்வரை ஒரே ரூட்டில்தான் ஓட்டினார். ஷிப்டுக்குப் போகிறவர்களை வாசலில் இறக்குவார், முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். மரகதம் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். அங்கே சுவர் முழுக்க அவள் வரைந்த யானையும் மாம்பழமும்தான். பிள்ளைகளுக்காக வரையத் தொடங்கிய கை போகப்போகத் தனக்காகவும் வரைந்தது.

கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "இத்த எங்க கத்துகின?" என்று கேட்டார் பாண்டுரங்கன்.

"கத்துக்கல. சும்மா வருது."

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் கலர் பென்சில் டப்பா ஒன்று வாங்கி, வீட்டில் யாரும் பார்க்காமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வயிறு சதுரமாகத் துருத்திக்கொண்டு அவர் உள்ளே நுழைந்ததை மரகதம் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

ஓய்வு பெற்றதும் இருவரும் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். போவது ரயிலில் மட்டும்தான். "இனிமே எவனாவது ஓட்டட்டும். நான் ஜன்னலாண்ட குந்திகினு வர்றேன்," என்பார் அவர். போன இடத்தில் மரகதம் ஒரு கல்லிலோ படியிலோ உட்கார்ந்து வரைவாள். அவர் குடை பிடிப்பார், பென்சில் சீவித் தருவார், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை வெளிச்சத்தை மறைக்காமல் நிற்கச் சொல்வார். அவருக்கு ஒரு கோடுகூட இழுக்க வராது. ஆனால் எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாக வரும் என்று அவர்தான் சொல்வார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அப்படி ஹம்பிக்குப் போய்த் திரும்பும்போது, குண்டக்கல் பிளாட்பாரத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். மகன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நாலைந்து நாளில் அவர் எழுந்து நடந்தார், டாக்டரும் பயமில்லை என்றார். ஆனால் ஸ்ரீதர் அவர்களைப் பென்னலூருக்கு அனுப்பவில்லை. அந்த வீட்டைக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டான். அப்பாவையும் அம்மாவையும் ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிவந்தான். அடுத்த வாரமே கேமரா வந்தது.

யாரும் அவர்களைப் பூட்டி வைக்கவில்லை. லிப்டில் இறங்கினால் வாசல். ஆனால் வாசலைத் தாண்டினால் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் சாலை; குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைக் கடக்க முடியாது. குழந்தையை விட்டுவிட்டும் போக முடியாது. பாண்டுரங்கன் ஒருமுறை தனியாகக் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். மாலையில் ஸ்ரீதர் கேட்டான்: "ஃபோன் ஏம்பா எடுத்துகினு போகல? நான் லைன்ல நின்னுகினு உங்களயே நெனச்சிகினு கீறன்." குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அதன் பிறகு அவர் இறங்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் சின்ன பால்கனி இன்னொன்று இருந்தது. கேமராவின் கண் அங்கே எட்டாது. தென்றல் மத்தியானம் தூங்கியதும் இருவரும் அங்கே போய்விடுவார்கள். அவர் வாளியைக் கவிழ்த்து உட்காருவார். அவள் வாஷிங் மெஷின்மேல் தாளை வைத்து வரைவாள். கீழே புதுக் கார்கள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானம், தொழிற்சாலைக் கூரைகள், அவற்றுக்கு நடுவே மிச்சமிருந்த ஒரு துண்டு ஏரி. தினமும் அதேதான். சில நாட்களில் அவர் அவள் தோளில் கைவைத்து நிற்பார். அந்த வயதில், துணிகளுக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல் அப்படி நிற்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இங்கே வந்துதானா இதைச் செய்ய வேண்டும் என்ற அவமானமும் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த சுகப்பிரியா துணி எடுக்க வந்தபோது அந்தத் தாள்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இன்னா அத்த, எல்லாப் படத்துலயும் கட்டம் கட்டமா கோடு போட்டுக்கிறீங்க?"

"புறா வராம வல கட்டிக்கீதுல்ல. அதாம்மா."

"அத விட்டுட்டுப் போடக்கூடாதா?"

"கண்ணுக்கு முன்னால கீதே. எப்படி விடுறது?"

சுகப்பிரியா தாள்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். மார்கழியில் அவளுக்குப் புதன்கிழமை வார விடுமுறை வந்தபோது, காலையில் மாமனாருக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, பாப்பாவ நான் பாத்துக்குறேன். நீங்களும் அத்தையும் எங்கயாவது போய்ட்டு வாங்க."

"ஸ்ரீதர்?"

"அவர்கிட்ட நான் பேசிக்குறேன்."

மரகதம் அவசரமாகப் புளிசாதம் கிளறினாள். பாண்டுரங்கன் மாத்திரையையும் நாலு சாக்லேட்டையும் பையில் போட்டுக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கே வண்டி மாறிப் பழையசீவரம். ரயில் நகர்ந்ததும் மரகதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொளவாய் ஏரி நிறைந்து கிடந்தது. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலாற்றில் அந்த வருஷம் நல்ல தண்ணீர். செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் இடத்தில் ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. "இங்க வேணாம். இன்னும் கொஞ்சம் தள்ளி வா. பாலம் முழுசாத் தெரியணும்," என்று அவர் இடம் பார்த்துக் கொடுத்தார். ஒரு புளியமரத்தின் வேரில் அவள் உட்கார்ந்தாள். அவர் குடையைப் பிரித்தார்.

தண்ணீரின் முதல் கோடு விழுந்தபோது ஃபோன் அடித்தது.

"அப்பா, எங்க கீறீங்க?"

"பழையசீவரம்."

"உக்காந்துகினு கீறீங்களா, நின்னுகினு கீறீங்களா?"

"நின்னுகினுதான். கொட புடிச்சிகினு கீறன்."

"உக்காருங்கப்பா. நான் வர்றேன்."

"எதுக்குடா? வேலைய விட்டுட்டு ஏன் வர்ற?" என்று அவர் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

மரகதம் கையை நிறுத்தவில்லை. "வரட்டும். அதுக்குள்ள இத முடிச்சிடுறேன்," என்றாள்.

ஸ்ரீதர் பர்மிஷன் போட்டுவிட்டு வாலாஜாபாத் ரோட்டில் பைக்கை விரட்டிக்கொண்டு வந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் புழுதி. அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"உங்களுக்கு வூட்ல இன்னாப்பா கொறச்சல்? நான் எதுனா கொற வெச்சிருக்கேனா?"

"ஒண்ணும் இல்லடா."

"அப்புறம் ஏன் இப்படி சொல்லாம கொள்ளாம வர்றீங்க?"

"சொன்னா உட்டிருப்பியா?"

ஸ்ரீதர் மணலில் உட்கார்ந்தான். ஆற்றைப் பார்த்தபடி பேசினான். "குண்டக்கல்ல உங்கள பாத்தேம்பா. கண்ணே தொறக்கல. பக்கத்துல அம்மா தனியா குந்திகினு இருந்துச்சு. அங்க எனக்கு பாஷ தெரியல, யாராண்ட இன்னா கேக்குறதுன்னு தெரியல. இப்பவும் ஃபோன் அடிச்சா அதான் ஞாபகத்துக்கு வருது."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. பாண்டுரங்கன் குடையை மடக்கிவிட்டு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மரகதம்தான் சொன்னாள்.

"நீ பயப்படுற, அது எனுக்குத் தெரியாதா? விழுந்தப்ப நான்தான கூட இருந்தேன். எனுக்கும் பயம்தான். ஆனா உன் பயத்துக்காக எங்கள காவல்ல வெச்சா, நாங்க எத்தினி நாள் இருந்து இன்னாடா பண்றது?"

"காவலா? நான் அப்படியாம்மா வெச்சிக்கிறேன்?"

"நீ அப்படி நெனைக்கல. எங்களுக்கு அப்படிக் கீது."

மூவரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். ஸ்ரீதர் படத்தை வாங்கிப் பார்த்தான். தனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பதுபோலக் கொஞ்சம் தயங்கி, "பாலம் அப்படியே கீதும்மா," என்றான். சாயங்கால வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டு, பெட்டி நகரும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

அன்று இரவு சுகப்பிரியாவுக்கும் அவனுக்கும் உள்ளறையில் தணிந்த குரலில் சண்டை நடந்தது. காலையில் அவன் ஒரு ஏற்பாடு சொன்னான். மாதத்தில் ஒரு புதன் போகலாம். ஃபோனில் இருக்கும் இடம் தனக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். தாம்பரத்துக்கு அந்தப் பக்கமும் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கமும் வேண்டாம். பாண்டுரங்கன் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கேமராவைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவனும் பேச்செடுக்கவில்லை.

தை மாதம் மதுராந்தகம் போனார்கள். மாசியில் சுகப்பிரியாவின் விடுமுறை ஞாயிறுக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று ஸ்ரீதர் ஆசைப்பட்டான். தென்றலும் தாத்தாவின் காலை விடவில்லை. பங்குனியில் மறுபடியும் புதன் கிடைத்தது. இருவரும் உடுத்திக் கிளம்பி நின்றபோது சுகப்பிரியாவுக்கு ஃபோன் வந்தது. லைனில் ஆள் இல்லை, ஓவர்டைம் பார்க்க வரவேண்டும் என்றார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. "சாரி அத்த," என்றாள்.

"நீ கெளம்பும்மா. ஆறு எங்க ஓடிப் போவப் போவுது," என்றாள் மரகதம்.

கதவு சாத்திய பிறகு அவள் கொஞ்ச நேரம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாண்டுரங்கன் பையைத் திறந்து சோற்றை எடுத்து மூன்று தட்டில் போட்டார். காலையிலேயே புளிசாதம் கிடைத்த சந்தோஷத்தில் தென்றல் தட்டைத் தட்டிக்கொண்டு சத்தமாகப் பாடினாள். உள்ளறையில் அன்று யாரும் தூங்கவில்லை என்பதால் இருவரும் அவளைத் தடுக்கவில்லை.

"ஜூன்ல இது ஸ்கூலுக்குப் போயிடும்," என்றார் அவர்.

"மத்தியானமே வேன் வந்துடும். வாசல்ல ஒராள் நிக்கணுமே," என்றாள் அவள். பிறகு எழுந்து, கட்டியிருந்த நல்ல புடவையை மாற்றிக்கொள்ளப் போனாள்.