பெயரெழுதாத குன்று

என் இழுப்பறையில் மடிந்து கிடக்கும் தாளொன்றில் ஒரு குன்று, இரு ஆறுகள், குன்றை நோக்கி ஏறும் மூன்று சிவப்பு அம்புகள். இடப்பெயர்கள் மட்டும் வேறு மையில், பின்னொரு நாளில் எழுதப்பட்டவை. அவை எழுதப்பட்ட அறையின் இறுக்கம் தாளைத் தொடும்போதெல்லாம் என் விரல்களுக்குத் திரும்புகிறது.

எண்பதுகளின் பிற்பகுதியில், லண்டனின் தெற்கே குரோய்டனில் புகலிடம் கோருவோரை விசாரிக்கும் அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பித்த மாஸ்டர் ஒருவர் புகலிடம் கோரி அங்கு வந்தார். அவர் கற்பித்த பள்ளிமீது எறிகணை விழுந்திருந்தது. "இருபது வருசம் சோதினை வைச்சனான் ஐயா. இண்டைக்கு என்னை இருத்திச் சோதினை வைக்கினம்," என்று வாயிலில் மெல்லச் சிரித்தார். விடைகள் நம்பப்படாவிடின் திருப்பி அனுப்பப்படுவார் என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

அதிகாரி இளைஞர். மாஸ்டரின் பாடக்குறிப்புகளைப் புரட்டி வந்தவர் இந்தத் தாளில் நின்றார். அரண், துப்பாக்கி வரிசை, கரையிறங்கும் படகுகள், ஓரிடத்துக்கும் பெயரில்லை. சிவப்பு அம்புகளின் அடியில் இருந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லை வாசிக்குமாறு என்னைப் பணித்தார். 'எதிரிப்படை' என்றிருந்தது. மென்மையாக்கிச் சொல்ல மனம் உந்தியது. ஆயினும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். எந்த முகாமைத் தாக்கும் திட்டம் இது என்று அவர் கேட்டார்.

"முகாம் இல்லை, பங்கர் ஹில். இருநூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்கர் விடுதலைக்காகப் பிரித்தானியரோட பொருதின சண்டை. பேர் எழுதாமல்தான் குடுப்பம், பிள்ளையள் குறிக்கவேணும்."

எங்கள் வரலாற்று வகுப்புகளின் வழக்கம் அது. அதை அறியாத கண்ணுக்கு அவ்வெறுமை மறைத்து வைத்த சதியாகத் தோன்றும் என்பதை, தாளைப் பையில் வைத்தபோது மாஸ்டர் எண்ணியிருக்கவில்லை.

அதிகாரி பேனையை நகர்த்தினார். மாஸ்டர் ஆங்கிலத்தில் நிரப்பினார்: பொஸ்டன், சார்ல்ஸ்டவுன், இரு ஆறுகளின் பெயர்கள். அம்புகள் முட்டும் குன்றில் 'பிரீட்ஸ் ஹில்' என்று எழுதினார்.

சற்றுமுன் வேறு பெயர் சொன்னீரே என்றார் அதிகாரி.

"சண்டைக்குப் பேர்தான் பங்கர் ஹில். நடந்தது பக்கத்துக் குன்றில. எல்லாப் பிள்ளையளும் இதிலதான் பிழை விடுறவை."

அதிகாரி சரிபார்க்கவெனத் தாளோடு வெளியேறினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேலையில்லை. திரும்பி வந்தவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வென்றது யார் என்றார்.

"குன்று பிரித்தானியருக்கு. மூண்டாந்தரம் ஏறேக்க மேல நிண்டவைக்கு வெடிமருந்து முடிஞ்சுது. ஆனால் ஏறினவையில கனபேர் இறங்கேல்லை." கேளாமலே தொடர்ந்தார்: "பிறகு சரட்டோகாவில பிரித்தானியர் தெற்கால உதவி வருமெண்டு பார்த்தவை, வரேல்லை. யோர்க்டவுனில கடலால வருமெண்டு இருந்தவை. பிரெஞ்சுக் கப்பல் மறிச்சுப்போட்டுது. உதவி வராட்டி எந்தப் படையும் அவ்வளவுதான்."

தம் நாட்டின் தோல்விகளை என் குரலில் கேட்டிருந்த இளைஞர், வெற்றுத்தாள் ஒன்றை வைத்தார். உமது ஊரை இதேபோல் வரையும் என்றார்.

மாஸ்டர் வரைந்தார்: குளம், கோயில், ஒழுங்கைகள், பள்ளி. பெயர் எதையும் எழுதாமல் பேனையை மூடினார். ஏன் என்று அதிகாரி கேட்டார்.

"எது மிஞ்சி நிக்குதெண்டு தெரியாமல் பேர் எழுத ஏலாது, ஐயா."

அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அதிகாரி இரு தாள்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். குன்றின் சரிவிலும் குளத்தின் கரையிலும் ஒரே கை இட்ட குறுங்கோடுகள். ஊரைக் கோப்பில் வைத்துக்கொண்டு குன்றைத் திருப்பித் தந்தார்.

சில மாதங்களில் அவருக்குத் தங்கும் அனுமதி வந்தது. குரோய்டனுக்கு அருகே நோர்பரிக் கடையொன்றில் என்னைக் கண்ட மாஸ்டர், "இது உங்களிட்டை இருக்கட்டும். பிழையில்லாமல் வாசிச்சது நீங்கள்தானே," என்று இத்தாளைத் தந்தார். அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. உலகம் பெயர் மாற்றிச் சொல்லும் குன்று என் இழுப்பறையில் சரியான பெயரோடு இருக்கிறது. அவருடைய ஊர், எங்கோ ஒரு கோப்பில், இன்னும் பெயரின்றிக் கிடக்கிறது.