திரு. பஞ்சலிங்கம் அவர்களும் ஆயிரத்து எழுநூறு சொற்களும்

கொக்குவிலில் வினோஜா நடத்தும் தட்டச்சுக் கடைக்குத் தட்டச்சுக்காக மட்டும் ஆட்கள் வருவதில்லை. ஆய்வுக்கட்டுரை சொல்வரம்பைத் தாண்டினால் எங்கே குறைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பத்து வருடமாகத் தட்டித் தட்டிப் பிடிபட்டது. நல்ல வசனத்தில் கைவைக்க மாட்டாள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்றுதான் முதலில் தேடுவாள்.

உடுவில் ஆசிரியர் குகதாசனுக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் முதுமாணிப் பட்டம் எடுத்துவிட ஆசை. கொடிகாமத்து மரக்கறித் தோட்டக்காரர் இருபது பேரைப் பற்றிய ஆய்வு. வரம்பு பதினையாயிரம் சொல். எழுதியிருந்தது பதினாறாயிரத்து எழுநூற்று இருபது. கூடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மதியம் கடைசி நேரம்.

"சேர், இதைப் பாருங்கோ. 'கொடிகாமத்தைச் சேர்ந்த மூத்த விவசாயி திரு. சின்னத்தம்பி பஞ்சலிங்கம் அவர்கள்'. எட்டுச் சொல். இவர் மட்டும் பதினெட்டுத் தரம் வாறார்."

"மரியாதை இல்லாமல் எழுதேலாது பிள்ளை. அவர் என்ரை மனிசியின்ரை அண்ணை."

"எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதியிருக்கிறியள். முந்நூறு இடம். 'விவசாயி 1', 'விவசாயி 2' எண்டு போட்டால் ஒவ்வொண்டிலும் ஆறு சொல் மிச்சம். முழுப்பேரைப் பின்னிணைப்பிலை மரியாதையோடை போடுவம். அது எண்ணிக்கையிலை சேராது."

குகதாசன் தயங்கித் தயங்கிப் பஞ்சலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, வினோஜாவுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நம்பரோ? சரி மச்சான். ஒண்டாம் நம்பர் ஆர்?"

பேட்டி கண்ட வரிசையில் முதல் ஆள் கோபிசங்கர்.

"உவனோ! நேற்று மண்வெட்டி பிடிச்சவன். நான்?"

"பதினொண்டு."

"அப்ப என்னை விட்டிட்டு எழுது."

மூன்றாம் அத்தியாயம் முழுவதும் பஞ்சலிங்கத்தின் தோட்டம்தான்.

வினோஜா தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். "ஐயா, வயதுப்படி நம்பர் போட்டால்?"

"அப்ப எனக்கு எத்தினை?"

"மூண்டு. முதல் பராசக்தி அம்மா, அவவுக்கு எழுபத்தெட்டு."

"மூத்த ஆக்கள் முன்னுக்கு வரத்தானே வேணும். அது முறை." பிறகு குரல் இறங்கியது. "பிள்ளை, எனக்கு எழுபது எண்டு போட்டால் இரண்டு வருமோ?"

"வராது ஐயா. அட்டவணையிலை அறுபத்து நாலு எண்டு கிடக்கு."

"பொல்லாத பிள்ளை! சரி, மூண்டைப் போடு."

பின்னேரம் எண்ணிக்கை பதினாலாயிரத்துத் தொளாயிரத்து இருபதில் வந்து நின்றது. குகதாசன் கதிரையை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எண்பது சொல் கிடக்கு. மழையைப் பற்றி ஒரு சின்னப் பந்தி..."

"கையை எடுங்கோ சேர்," என்றபடி வினோஜா அச்சுப்பொறியில் தாளை வைத்தாள்.