உட்காரவைத்து அளந்த கால்

எனக்குத் தட்டைக் கால். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் பங்குக்கும் சேர்த்து ஊரே ஒரு காலத்தில் வெட்கப்பட்டு முடித்துவிட்டது.

பாகூர் பக்கத்தில் எங்கள் ஊர். தை அறுப்புக்கு முன்னால் களத்தைச் சமன் செய்து, சாணி கரைத்து மெழுகிக் காயவிடுவார்கள். காய்கிற வரைக்கும் கோழிகூட அதில் இறங்கக் கூடாது. மற்றப் பெண்கள் அவசரத்துக்குக் குறுக்கே ஓடினால் குதிகாலும் முன்பாதமும்தான் பதியும், யாரென்று சொல்ல முடியாது. நான் ஓடினால் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி கால் முழுசாகப் பதியும். எங்கள் தெருவில் அப்படித் தடம் விழுகிற கால் ஒன்றே ஒன்றுதான்.

“யாருன்னு கேக்கணுமா? தோ, கையெழுத்துப் போட்டுட்டுல்ல போயிருக்கா!” என்று அப்பா கத்துவார்.

கத்தலோடு போனால் பரவாயில்லை. நடுப்பாதம் தரையில் படுகிற பெண் மிதித்த களத்தில் பொலி தங்காது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. பொலி என்பது தூற்றிக் குவித்த நெல். அது குறைந்தால் மழையைத் திட்ட மாட்டார்கள், பூச்சியைத் திட்ட மாட்டார்கள், என் காலைத் திட்டுவார்கள். அடேங்கப்பா, ரெண்டு காலுக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ஓடவும் செய்தேன். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். அதோடு படிப்பு போதும் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். எனக்கோ உடற்பயிற்சி டீச்சர் ஆகவேண்டும், கழுத்தில் விசில் தொங்கவேண்டும். அதற்குப் பயிற்சிப் பள்ளியில் சேரவேண்டும், சேர அப்பா சம்மதிக்கவேண்டும். நான் விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் அப்பா சொன்னார்: “டவுன்ல போட்டி நடக்குதே, அதுல ஒரு சர்டிபிகேட் வாங்கிகினு வா. சேத்து வுடறேன்.” இந்தக் காலால் அது நடக்காது என்ற தைரியத்தில்தான் சொன்னார். பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான்.

பள்ளியில் எங்கள் டீச்சருக்கும் என் கால் பிடிக்கவில்லை. “ஒனக்கு ஃபிளாட் ஃபுட். ஓட்டம் வேணாம், குண்டு எறியப் போ” என்றார்.

“குண்டு எறியக் கால் வேணாமா டீச்சர்?” என்றேன்.

வகுப்பு சிரித்துவிட்டது. வாய்க்கொழுப்புக்குத் தண்டனையாக மைதானத்தை நாலு சுற்று ஓடச் சொன்னார். ஓடுகிற பெண்ணுக்கு ஓட்டமே தண்டனையாம்! ஓடி முடித்து, “இன்னும் ஓடட்டுமா டீச்சர்?” என்று கேட்டேன். டீச்சர் டவுன் போட்டிக்கான தாளை எடுத்தார். பிறகு எண்ணூறு மீட்டருக்கு என் பெயரை எழுதினார், ஒரு நிபந்தனையோடு. டவுன் மைதானம் சரளைத் தரை, ஷூ இல்லாமல் அழைத்துப் போகமாட்டேன் என்றார்.

அந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் பிள்ளைகளைச் செருப்புக் கடைக்குக் கூட்டிப் போவதில்லை. காலைத்தான் அனுப்பி வைப்போம். தென்னந்துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை உருவி, குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் வைத்து, அங்கே கிள்ளி எடுத்தால் அளவு தயார். டவுனுக்குப் போகிறவர் சட்டைப்பையில் அந்த ஈர்க்கு போகும், சாயந்திரம் செருப்பு வரும். அப்பாவும் அப்படித்தான் செய்தார். என்னை உரல்மேல் உட்காரவைத்து, காலைத் தூக்கிப் பிடித்து அளந்தார்.

வந்தது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்ச். “பஞ்சு மாரி இருக்குது, தட்டக் காலுக்கு இதாங்க சரி” என்று கடைக்காரர் கொடுத்தாராம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டு நாலு சுற்று ஓடியதும் கட்டைவிரல் நசுங்கியது, உள்கணுக்கால் விண்ணென்று தெறித்தது. மறுநாள் மூன்று சுற்றுக்கே நொண்டினேன். ஷூவின் குதிகால் பக்கம் உள்புறமாகச் சாய்ந்து கோணிவிட்டது.

“ஷூ மேல ஒண்ணும் தப்பில்ல, கால் மேலதான் தப்பு” என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அப்பாவின் சட்டைப்பையில் கிடந்த அந்த ஈர்க்கை எடுத்தேன். தரையில் நின்று காலோடு வைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை பத்தவில்லை! உரல்மேல் உட்கார்ந்து வைத்தேன், சரியாக இருந்தது. எழுந்து நின்றேன், மறுபடியும் பத்தவில்லை. உடம்புக் கனம் ஏறினால் என் கால் நீளுகிறது, அகலுகிறது. அவர்கள் அளந்தது உட்கார்ந்த காலை. உட்கார்ந்துகொண்டு யார் ஓடுகிறார்கள்?

அன்று ராத்திரி முழுக்க யோசனை அந்தக் காலிலேயே இருந்தது. நடவு நாளில் சேற்றில் நின்றால்தான் எனக்குக் கணுக்கால் வலிக்கும். இறுகின வரப்பில் எத்தனை தூரம் ஓடினாலும் வலிக்காது. அப்படியென்றால் இந்தப் பஞ்சு ஷூவும் சேறுதானே? என் ரப்பர் செருப்பை எடுத்துப் பார்த்தேன். ரெண்டும் உள்பக்க ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. கால் உள்ளே சாய்கிறது, சாயாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். எனக்கு வேண்டியது மெத்தை இல்லை, வரப்பு.

என் அண்ணன் பெண்டாட்டி, அதாவது எங்கள் அண்ணி, நெட்டப்பாக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டார், ஆனால் நான் சொன்னதைக் கேட்டு ஈர்க்கைத் தன் காலிலும் வைத்துப் பார்த்தார். “அட, ஆமா பாப்பா!” என்றார். வெள்ளை ஷூ தன் தங்கைக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு, எனக்கு வேறு வாங்கித் தர டவுனுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஈர்க்கு போகவில்லை.

கடையில் உட்காரச் சொன்னார்கள். “நின்னுகினுதான் போடுவேன்” என்றேன்.

“ஒக்காரும்மா, அளவு பாக்க வேணாமா?”

“நின்னாத்தான் என் அளவு தெரியும்.”

கடைக்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி விசிறியைப் பார்த்தார். ஒவ்வொரு ஷூவாக வாங்கி, ரெண்டு முனையையும் பிடித்து வளைத்தேன். பாதிக்குமேல் நடுவிலேயே தோசை மாதிரி மடங்கின, அதெல்லாம் வேண்டாம் என்று தள்ளினேன். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். பொதுக்கென்று உள்ளே போனதையும் தள்ளினேன். “தே, இன்னாம்மா இது, கத்திரிக்காயா பொறுக்கற?” என்று கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னேன். காப்பி நிறம், கனமான அடி, அகன்ற மூக்கு, பார்க்க மகா அசிங்கம். வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தது. பின்பக்கம் கல்.

“அது ஆம்பளப் பசங்க ஷூம்மா. ஹாக்கி ஆட வாங்கறது.”

“ஷூவுக்கு அது தெரியுமா?” என்றேன்.

நின்றபடியே ரெண்டையும் மாட்டினேன். முன்னால் கட்டைவிரலுக்கு இடம் இருந்தது, குதிகால் நழுவவில்லை. அப்புறம் யாரையும் கேட்காமல் கடையை விட்டு இறங்கி, தெருமுனை வரைக்கும் ஒரே ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பினேன். கடைக்காரர், “ஐயையோ, ஷூவோட போறா, புடி புடி!” என்று வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். என் ரப்பர் செருப்பை அண்ணி அவரிடம் தூக்கிக் காட்டி, “இது ஒங்ககிட்டதான இருக்குது, எங்க போயிடுவா?” என்றார். எனக்கு வலிக்கவில்லை. “இதைக் கட்டுங்க” என்றேன்.

டவுன் போட்டியில் என் ஷூவைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. “எந்த அண்ணனோடதும்மா?” என்று ஒருத்தி கேட்டாள். நாலு வாரம் அந்த ஷூவில் பழகியிருந்ததால் சரளையில் கால் சாயவே இல்லை. மூன்றாவதாக வந்தேன். முதலாவது என்று எழுதினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள், ஆனால் மூன்றாவதுதான். மூன்றாவதுக்கும் சர்டிபிகேட் உண்டு.

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாக்கலாம்” என்றார்.

பொங்கல் கழிந்தும் ‘பாக்கலாம்’ மாறவில்லை. பயிற்சிக்கு அனுப்பச் சம்மதம் என்று அப்பா கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய தாளை டீச்சர் என்னிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமையும் வந்துவிட்டது. அன்று காலையில் களம் மெழுகினார்கள். மத்தியானம் கதிர்க்கட்டு ஏற்றிக்கொண்டு வண்டிகள் வந்துவிடும். அப்பா ஓரத்தில் நின்று, ஒரு சுருக்கமும் இல்லாமல் மெழுகின களத்தைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளையும் பேனாவையும் அவர் பக்கத்தில் கல்லின்மேல் வைத்தேன். வெறுங்காலோடு களத்தில் இறங்கினேன். ஓடவில்லை, நிதானமாக நடந்து நட்டநடுவில் போய் நின்றேன்.

“அடியே! இன்னாடி பண்ற? ஏறி வாடி மேல!”

“கையெழுத்துப் போடு, வரேன்.”

“பொலி தங்காதுடி பாவி!”

“அப்ப இன்னும் நாலு நடை நடக்கட்டுமா?” என்று ஒரு காலைத் தூக்கினேன்.

“அசையாத! அங்கியே நில்லு!” அப்பா என்னைப் பிடிக்க ஒரு காலை முன்னால் வைத்தார், வைத்ததும் சாணி அழுந்துவதைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் மெழுகின களத்தை அவரே மிதிக்கமுடியுமா? கூலியாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அண்ணி மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தூரத்தில் முதல் வண்டியின் மணிச் சத்தம் கேட்டது.

“சர்டிபிகேட் வாங்கிகினு வந்தா சேத்து வுடறேன்னு சொன்னியா இல்லியா யப்பா?”

அப்பா வண்டி வரும் பாதையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். குனிந்து பேனாவை எடுத்தார். கல்லின்மேல் தாளை வைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அதுவரைக்கும் அசையவில்லை.

மறுபடியும் மெழுக நேரமில்லை. வந்த தடத்திலேயே கால் வைத்து நான் ஏறி வந்தேன். மத்தியான வெயிலில் அது அப்படியே காய்ந்து இறுகிவிட்டது. அந்த அறுப்பு முழுக்க எங்கள் நெல் என் காலடிமேல்தான் கொட்டிக் கிடந்தது. பொலி ஒரு மரக்கால்கூடக் குறையவில்லை.