சுரங்கத்துக்குள் கேட்ட குரல்

அந்த ஆங்கிலச் சண்டைப் படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் நானும் என் கணவரும் செல்போனில்தான் பார்த்தோம். மூன்றாவதும் கடைசியுமான பாகம் தமிழில் டப்பிங் ஆகித் தேனிக்கு வந்தபோது, இதையாவது பெரிய திரையில் பார்த்துவிடுவோம் என்று சின்னமனூரிலிருந்து பஸ் ஏறி மதியக் காட்சிக்குப் போனோம்.

படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகன் ஒரு சுரங்கப் பாதைக்குள் ஓடுகிறான். முகமூடி போட்ட ஒருவன் எதிரே வந்து துப்பாக்கியை நீட்டுகிறான். "அங்கனயே நில்லு! ஒரு எட்டு வச்ச, செத்த!"

அது என் அண்ணனின் குரல்.

அண்ணன் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. என் நிச்சயதார்த்தத்தன்று, வந்தவர்களைச் சிரிக்க வைப்பதற்காக என் மாமனாரைப் போலவே பேசிக் காட்டினான். எல்லோர் முன்னாலும் அப்பா அவனைச் செருப்பால் அடித்தார். அன்றைக்குப் போனவன்தான். உயிரோடு இருக்கிறானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இது அவன்தான் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கதாநாயகன் சுட்டான். முகமூடிக்காரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறியபடி விழுந்தான். "அண்ணே!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "என்ன புள்ள, ஏன் இப்படிக் கத்துற?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் கூட்டம் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஓடிய பெயர்களில் தமிழ்க் குரல் பதிவு செய்த ஸ்டுடியோவின் பெயர் வந்ததும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்த ஸ்டுடியோவைத் தேடிப் பிடித்துப் பேசினோம். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அப்பா வீட்டில் இருந்தேன். அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"யாரு, பாப்பாவா?"

"அண்ணே... அப்பாட்ட குடுக்கவா?" என்றேன்.

"யார்ட்ட?"

"அப்பாட்டண்ணே. பக்கத்துலதான் இருக்காக."

"அவுக செத்துட்டாகன்னு சொன்னாகளே பாப்பா!" என்றான்.

கொரோனா சமயத்தில் எங்கள் ஊர் லாரிக்காரர் ஒருவர் அவனைக் கோயம்பேட்டில் பார்த்துச் சொன்னாராம். இறந்தது பெரியப்பா. லாரிக்காரர் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார். தன்னைப் பார்த்ததை ஊரில் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் அவரிடம் கேட்டுக்கொண்டானாம். அங்கேயே மொட்டை போட்டு, வருடா வருடம் திதி கொடுத்து வந்திருக்கிறான். கொள்ளி வைக்க வராதவன் எந்த முகத்தோடு ஊருக்கு வருவது என்றுதான் வராமலே இருந்திருக்கிறான்.

போனை அப்பாவின் காதில் வைத்தேன். "ஏலே" என்றார். அண்ணன் அழுதுகொண்டே சொல்வது எனக்கும் கேட்டது. கேட்டு முடித்த அப்பா என்னை வெறித்துப் பார்த்தார்.

"எனக்கா திதி குடுத்தான்?"

மூன்றாம் நாள் காலை அண்ணன் வந்து இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல், அப்பாவின் முழங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.