சொக்கன் என்கிற இருபதடி உடும்பு

இருக்கிற மாட்டை மேய்க்கிறவர்களுக்கே ஆயிரம் தொல்லை. இல்லாத மிருகத்தை உண்டாக்கி, தோல் போர்த்தி, நடக்கப் பழக்கி, கத்தவும் கற்றுக்கொடுக்கிற எங்கள் வீடியோ கேம் தொழிலில் தொல்லைக்குக் கேட்கவே வேண்டாம். 'க்ளையன்ட்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே தலை வலிக்கிறதா உங்களுக்கு? வாருங்கள், நீங்கள் நம்ம கட்சி.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் ஸ்டுடியோ. சேர்ந்ததிலிருந்து நான் பாறை, பீப்பாய், முள்வேலி என்று உயிரில்லாத சாமான்களாகவே செய்து தள்ளினேன். முதல் முறையாக ஒரு உயிரை என் கையில் கொடுத்தார்கள். காட்டைக் காவல் காக்கும் ராட்சச உடும்பு. அன்றைக்கே சொக்கன் என்று பேர் வைத்துவிட்டேன். ஆனால் வெளிநாட்டு க்ளையன்ட் கறாராகச் சொல்லியிருந்தார்: விளையாடுகிறவருக்குப் பயம் வரவில்லை என்றால் சொக்கனைத் தூக்கிவிட்டு, ரெடிமேடாகக் கிடைக்கிற டிராகன் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுவார். நான் மறுபடி பீப்பாய்க்குப் போகவேண்டியதுதான்.

முதல் பார்வை

பார்த்துப் பார்த்துச் செய்தேன். புருவத்தில் எலும்பு மேடு, கழுத்தில் தொங்குகிற தோல், நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும் பிளந்த நாக்கு. கண்ணை மட்டும் கொஞ்சம் கனிவாக வைத்துவிட்டேன். பெற்ற மனசு, என்ன செய்ய!

எங்கள் டீம் லீட் ஷர்மிளா மேடம் க்ளையன்டோடு பேசி முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலேயே சேதி சொன்னார்: "அழகா இருக்காம்மா. ஆனா தாக்க வர்ற மாதிரி இல்லியாம், அட்ரஸ் கேக்க வர்ற மாதிரி இருக்காம்."

தோல்

கண்ணைச் சின்னதாக்கினேன். அடுத்து தோல். நிஜச் செதில் எப்படி மடிகிறது என்று பார்க்க உடும்புக்கு எங்கே போவது? கொரட்டூரில் எங்கள் வீட்டு காம்பவுண்டு சுவரில் தினமும் வெயில் காய வரும் ஓணான்தான் கதி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொபைலைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே அலைந்தேன். அது தலையை ஆட்டினால் நானும் ஆட்டினேன். எதிர்வீட்டு அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பொறுக்கமாட்டாமல் என் அம்மாவைக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?" என்றே கேட்டுவிட்டார்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஒண்ணுமில்லீங்க. அவ்ளோ படிச்சிட்டு இப்ப ஓணானுக்குச் சட்டை தைக்கிறா."

நடை

அசைவு கொடுக்கிறவன் குமார், குமணன்சாவடிப் பையன். என்னை அக்கா என்பான், வேலை என்று வந்துவிட்டால் வெட்கமே கிடையாது. உடும்பு நடக்கும்போது உடம்பு எப்படி வளைகிறது என்று புரியவில்லை என நான் சொன்னதும், சட்டென்று தரையில் கவிழ்ந்து, முழங்கையை அகட்டி, இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டியபடி மேஜைக்கு அடியில் ஊர ஆரம்பித்துவிட்டான். நான் வீடியோ எடுத்துக்கொண்டே, "நாக்கு, நாக்கு!" என்று கத்தினேன். அவனும் நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து டீ ட்ரேயோடு வந்து நின்றார், ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற கஸ்தூரி அக்கா. ட்ரேயைக் கீழே வைத்து, புடவையை இழுத்துச் செருகினார். "இன்னா நைனா, மோதிரம் கீதிரம் வுயுந்துட்ச்சா? நீ நவுரு, நான் பெருக்கித் தர்றேன்."

குரல்

நடை பிரமாதமாக வந்தது. ஆனால் சொக்கன் இன்னும் ஊமை. பாய்வதற்கு முன்னால் ஒரு சத்தம் வரவேண்டும். அதைக் கேட்டதும் விளையாடுகிறவர் பட்டனை அழுத்தித் தாவினால் தப்பிக்கலாம். சிங்கம் வைத்தோம், சர்க்கஸ் மாதிரி இருந்தது. லேத் மிஷின் சத்தம் வைத்தோம், லேத் மிஷின் மாதிரியே இருந்தது. "சொக்கனுக்குக் குரலே அமையாதா?" என்று நான் அலுத்துக்கொள்ள, ட்யூப்லைட் பின்னாலிருந்து "ச்ச், ச்ச், ச்ச்" என்றது பல்லி. பல்லி உடும்புக்குப் பங்காளிதானே! அந்தச் சத்தத்தைப் பிடித்துப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, அடித்தொண்டைக்கு இறக்கினோம். கேட்டால் முதுகு சில்லிட்டது.

ஆபீசில் எல்லாரையும் விளையாட வைத்தோம். ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை! சத்தம் வருகிறது, கை பட்டனை விட்டுவிடுகிறது, சொக்கன் ஒரே கடி. என்னடா இது என்று திரையை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன். அடக் கடவுளே! பல்லி சொன்னதும் அத்தனை பேரும் மேஜையைத் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்கிறார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஷர்மிளா மேடம்கூடத் தட்டினார். குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, எவனும் கடிபட்டு சாவல. சாமி கும்ட்டுகினே சாவறான்."

தீர்ப்பு

சத்தத்தை மாற்றச் சொன்னார் மேடம். எனக்கு வந்ததே கோபம்! "இவ்ளோ நாள்ல இவன் இப்பதான் உயிரோட இருக்கான் மேடம், மாட்டேன்" என்று சண்டை போட்டேன். கடைசியில் மேடம் இறங்கிவந்தார்; 'எங்கள் ஆபீசில் ஒருத்தர்கூடத் தப்பவில்லை' என்ற குறிப்போடு அப்படியே அனுப்பினோம்.

க்ளையன்ட் எங்கள் கண்ணெதிரே, வீடியோ காலில் விளையாடினார். சத்தம் வந்தது, அலட்டிக்கொள்ளாமல் தாவினார், தப்பித்தார். மறுபடியும் தப்பித்தார். "இவ்வளவு சுலபமா? இதிலா உங்கள் ஆட்கள் எல்லாரும் செத்தார்கள்?" என்றார். போச்சு, டிராகன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மேடம் வேறு வழியில்லாமல் பல்லிக் கதை முழுவதையும் இங்கிலீஷில் விளக்கினார். மனுஷன் மறுபடி ஆட ஆரம்பித்தார். சொக்கன் "ச்ச், ச்ச், ச்ச்" என்றான். க்ளையன்டின் கை தானாக எழும்பி மேஜையைத் தட்டியது. சொக்கன் கடித்துவிட்டான்!

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கிழிந்தது. "சரி, தட்டினால் இவன் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "நின்று கேட்பான்" என்றேன். அப்படியே வைக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கு அந்த விளையாட்டில் ஒரு பட்டனை மூன்று முறை தட்டினால் இருபதடி உடும்பு பாய்ச்சலை நிறுத்தி, தலையைச் சாய்த்து, நின்று கேட்கும். அதற்காக அந்தக் கனிவான கண்ணையும் திருப்பிக் கொடுத்தேன். ஃபைலைச் சேமிக்கும்போது அழுதுவிட்டேன், மறைப்பானேன்! குமார் தோளில் தட்டினான். "வுடுக்கா, புள்ள பொயச்சிகினான்."

ஆக, தட்டினால் நின்று கேட்கிற உடும்பை உருவாக்கிவிட்டோம். தட்டினால் நின்று கேட்கிற க்ளையன்டைத்தான் இன்னும் எந்த ஸ்டுடியோவும் உருவாக்கக் காணோம்.