வெர்னா சித்தியின் பெட்டிக்கு ஒரு துப்பாக்கி

வெர்னா சித்தி முப்பது குளிர்காலம் யூகான் ஆற்றுக்கு வடக்கே தனியாக விலங்குகளுக்குப் பொறி வைத்துத் தோல் விற்றவள். அவளுடைய பனிவண்டிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி கட்டியிருக்கும். தீப்பெட்டி, தீ மூட்ட பிர்ச் மரப்பட்டை, கோடாலி, உலர்ந்த சால்மன் மீன், ஒரு துப்பாக்கி. வண்டி நின்றுவிட்டால் ஊருக்கு இரண்டு நாள் நடை; அந்தப் பெட்டிதான் உயிர்.

பழைய துப்பாக்கியின் குழல் வெடித்துப்போனது. புதியதைத் தேர்ந்தெடுத்தது நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள்.

"சின்னதா ஒண்ணு போதும்டி. முயல் அடிச்சுத் தின்னுட்டுக் கெடப்பேன்."

"குதிரை ஒசரத்துக்கு மூஸ் மான் வந்து வழியை மறிச்சா?"

"மரியாதையா ஒதுங்கிக்குவேன்."

"இந்த வருஷம் பனி இடுப்பளவு, சித்தி. எங்க ஒதுங்குவ? ஒத்தைக்குழல் வாங்கு. பறவைக்குப் பொடி ரவை, மூஸுக்கு ஒத்தைக் குண்டு. ரெண்டா கழட்டிப் பெட்டியில வெச்சுக்கலாம். பட்டியல் போட்டுப் பாத்துட்டேன்."

"பசிச்சா அந்தப் பட்டியலையும் சுட்டுத் தின்னுக்கறேன்" என்று சிரித்தாள். ஆனால் வாங்கினாள்.

தேர்வு சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், வெளிக்கொட்டகையில் இருந்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சூடு பட்டதும் இரும்பு வியர்த்தது. துடைத்து, உள்ளேயும் தாராளமாக எண்ணெய் விட்டு, திரும்ப வைத்தேன். குளிர்காலத்தில் இருக்கிற எண்ணெயையே துடைத்தெடுப்பது எங்கள் ஊர் வழக்கம். சிறு வயதிலிருந்து பார்த்தவள்தான் நான். எப்படி மறந்தேன்?

மறுநாள் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிர். மூஸ் வழியை மறித்தது. விசையை இழுத்தாள். உறைந்த எண்ணெயில், தோட்டாவைத் தட்டும் ஊசி மெல்ல ஊர்ந்தது; வெடிக்கவில்லை. மூஸ் மிதித்த காலோடு பெட்டிவரை தவழ்ந்து தீ மூட்டிக்கொண்டாள். என் அண்ணன் ஆர்வில் மறுநாள்தான் கண்டுபிடித்தான். அதற்குள் குளிர் ஒரு பாதத்தைத் தின்றிருந்தது.

மருத்துவமனையில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, எண்ணெய் விட்டது நான்தான் என்று வீட்டில் சொன்னேன்.



"நீயா? நான்தான் தொடைக்க மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிடு, சித்தி."

"பாதம் போனாலும் வண்டி ஓட்டலாம். புத்தி தடுமாறினா காட்டுக்குப் போகக்கூடாது. என் புத்தி போச்சுன்னு நெனச்சுத்தான் பொறி, பொறி வெக்கற பாதை எல்லாத்தையும் நேத்து ஆர்வில் கையில குடுத்துட்டேன்."

"நான் போய்த் திருப்பிக் கேக்கறேன்."

"குடுத்ததையா?" என்றாள். "வேணாம். கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது."